நெசவைக் கல்வியாக்கிய எதெல் மெய்ரே

உயர்தர வகுப்பில் பாடம் தெரிவு செய்த நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். உயிரியலுக்கும் கணிதத்துக்கும் முன்வாங்கு; மனைப்பொருளியலுக்கும் சித்திரத்துக்கும் பின்வாங்கு. இடம்பெயர்ந்து மரநிழலில் படித்த காலத்தில் எங்கள் வெள்ளைச் சீருடைகளை ஒட்டுத் தெரியாமல் தைத்துத் தந்தவர்கள் அந்தப் பின்வாங்குத் தோழிகளே. அவர்களின் கைத்திறனைப் படிப்பு என்று அன்று நாம் எண்ணவில்லை. அந்தக் கடனை நினைத்தே இந்த நூற்றாண்டு மலரில் எதெல் மெய்ரே அம்மையாரின் வாழ்வை எழுதுகிறோம்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை எம்மவர் நன்கு அறிவர். அவரது முதல் மனைவி என்ற ஒரு வரியோடு நாம் கடந்துவிடும் பெயர் எதெல். 1872 இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பார்ன்ஸ்டபிள் நகரில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1899 இல் பியானோ கற்பிக்கும் தகுதி பெற்று, இலண்டனிலும் ஜேர்மனியின் பொன் நகரிலும் வீட்டாசிரியையாகப் பணியாற்றினார். 1902 இல் ஆனந்த குமாரசுவாமியை மணந்து, அடுத்த ஆண்டு இலங்கைக்கு வந்தார்.

கணவர் கனிப்பொருள் ஆய்வுப் பணியின் தலைவர். அவருடன் கிராமம் கிராமமாகச் சென்ற எதெல், நெசவாளரின் தறியையும் கண்டிய மக்களின் பூத்தையலையும் கூர்ந்து பார்த்தார், துணிகளைச் சேகரித்தார், கைவினைஞரைப் படம் பிடித்தார். 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலில் கணவரின் பெயர் நிலைத்தது. அதன் பின்னால் எதெலின் உழைப்பும் இருந்தது.

இங்கிலாந்து திரும்பிய சில ஆண்டுகளில் அந்த இல்வாழ்வு முறிந்தது. ஆனால் இலங்கையில் கண்ட தறி அவரை விடவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் கற்கத் தொடங்கினார். 1913 இல் பிலிப் மெய்ரேயை மணந்தார். 1916 இல் தாவரச் சாயங்கள் பற்றி அவர் எழுதிய நூல், இரசாயனச் சாயம் வந்தபின் மறைந்துகொண்டிருந்த அறிவைக் கைநூலாக்கியது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிவப்புச் சாயத்துக்காகச் சாயவேர் தோண்டிய எம் மண்ணுக்கும் அந்த அறிவு அந்நியமல்ல.

சசெக்ஸ் பகுதியின் டிச்லிங் கிராமத்தில் கொஸ்பல்ஸ் என்ற வீட்டையும் பட்டறையையும் அமைத்தார். அங்கே பெண்கள் தங்கி, கம்பளி நூற்பதிலிருந்து துணி முடிப்பது வரை கற்றனர். சுவிற்சர்லாந்திலிருந்து வந்து பயின்ற மரியான் ஸ்ட்ராப் பின்னர் ஆலைகளுக்குத் துணி வடிவமைத்தார். இலண்டன் பேருந்துகளிலும் நிலக்கீழ் ரயில்களிலும் பலர் அமர்ந்தது அவர் வடிவமைத்த துணியின்மேல். எதெலும் ஆலையைப் பகைக்கவில்லை. கைத்தறியில் சோதித்துப் பார்த்தது ஆலைக்கும் பயன்பட வேண்டும் என்பதே 1939 இல் வெளியான அவரது கைநெசவு நூலின் கருத்து. தொழிற்றுறை வடிவமைப்பாளருக்கான பிரித்தானியாவின் உயர் மதிப்பைப் பெற்ற முதற்பெண் அவரே. முதுமையிலும் பிரைற்றன் கலைக்கல்லூரியில் கற்பித்தார். ஆசிரியர்களுக்கென நெசவுக் குறிப்புகள் எழுதினார். 1952 இல் காலமானார்.

மருத்துவத் தொழிலில் காயத்துக்குத் தையல் போடும்போதெல்லாம் ஒன்றை உணர்கிறோம். நூலின் இழுவையை விரல் அறிய வேண்டும். அதைப் புத்தகம் மட்டும் தராது. எங்கள் தோழிகளின் விரல்களுக்கு அது பதினாறு வயதிலேயே தெரிந்திருந்தது. அவர்களுக்கு வழிகாட்டத்தான் யாரும் இருக்கவில்லை.

இன்று நிலைமை மாறியுள்ளது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்குப் பட்டப்படிப்பு உண்டு. பிரித்தானியாவில் வாழும் நம் சகோதரிகளின் பிள்ளைகள் உயர்தரத்திலேயே துணி வடிவமைப்பைப் பாடமாக எடுக்கலாம். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அவற்றில் எம் பிள்ளைகள் இயந்திரத்தின் முன் மட்டும் அமராமல், வடிவமைப்பு மேசையிலும் அமர வேண்டும்.

ஆகவே அன்புச் சகோதரிகளே, உங்கள் மகளோ மருமகளோ துணியைப் படிக்க விரும்பினால் மறிக்காதீர்கள். எமது சங்கம் வழங்கும் உதவிகளிலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஓரிடம் ஒதுக்குவோம். எங்கள் கிழிசலைத் தைத்துத் தந்த கைகளுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகட்டும்.