மக்களவையின் முதல் காவலர் மாவ்லங்கர்

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அங்குள்ள விதி. கணக்குக் காட்டாதவர்க்குத் தண்டனை உண்டு. கணக்குக் கேட்பவர்க்குக் காவல் எது? நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழுவில் எழுந்து வரவு செலவை வினவிய எவரும் இவ்வினாவின் கூர்மையை உணர்வர். இதற்குத் தம் வாழ்நாளில் ஒரு விடை தேடியவர் கணேஷ் வாசுதேவ் மாவ்லங்கர்.

1888 நவம்பர் 27 அன்று பரோடாவில் பிறந்தார். மராத்தியக் குடும்பத்தவராயினும் குசராத்து மண்ணே அவருக்குத் தாயகமாயிற்று. அகமதாபாதில் வழக்கறிஞராய்ப் புகழ்பெற்றவர், காந்தியடிகளின் அழைப்பை ஏற்று விடுதலைப் போரில் இறங்கிப் பலமுறை சிறை ஏகினார். சிறையில் தாம் கண்ட குற்றவாளிகளின் உள்ளத்தைப் பரிவோடு நூலாக்கியதும் அவரே. அகமதாபாது நகராட்சித் தலைமை, 1937 முதல் பம்பாய்ச் சட்டமன்றப் பேரவைத் தலைமை எனப் படிப்படியாய் உயர்ந்தார். 1946 சனவரியில் மத்திய சட்டமன்றத் தலைவர் தேர்தலில் மூன்றே வாக்குகள் மிகுதியாய்ப் பெற்று வென்றார்.

இனி நாம் சற்று நின்று நோக்கவேண்டிய இடம் வருகின்றது. 1921-இல் தோன்றிய பொதுக்கணக்குக் குழுவுக்கு ஆங்கிலேயர் காலத்தில் தலைவர் யார் தெரியுமா? நிதித்துறைப் பொறுப்பாளரே! அலுவலகப் பணியும் அத்துறையினுடையதே. செலவிட்டவரே செலவை ஆராயும் விந்தை அது. 1950-இல் குடியரசு மலர்ந்ததும் அக்குழு அவைத்தலைவரின் ஆளுகைக்குள் வந்தது. அரசினர் அல்லாத உறுப்பினர் ஒருவர் அதன் தலைவரானார். அமைச்சர் எவரும் அதில் இடம்பெறலாகாது என்பது நெறியாயிற்று. மதிப்பீட்டுக் குழுவும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று.

குழு கூடுவது மூடிய கதவுக்குள். சாட்சியங்கள் அவையில் வைக்கப்படும்வரை வெளிவரா. இதனை மறைப்பு எனக் குறைகூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தம் அமைச்சரின் துறையைக் கடிந்து வினவ, அந்தக் கதவே துணை. குழுவில் பேசிய பேச்சுக்கும் அளித்த வாக்குக்கும் நீதிமன்றத்தில் வழக்கில்லை என அரசியலமைப்பின் 105-ஆம் பிரிவும் காப்பளிக்கின்றது. ஆயினும் அக்காப்பு வழக்கு மன்றத்து வாயிலோடு நின்றுவிடுவது. உறுப்பினர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுவதால், கடிந்து கேட்டவரை மறு ஆண்டில் கட்சியே ஓசையின்றி விலக்கிவிடலாம். அதற்கு மாவ்லங்கராலும் மருந்து காண இயலவில்லை. குழுத் தலைவரை அமர்த்தும் உரிமை அவைத்தலைவர் கையில் இருந்தமையே எஞ்சிய அரண். அவர் காலத்துத் தலைவர்களும் ஆளுங்கட்சியினரே என்பதையும் மறைத்தல் முறையன்று.

நடுவராய் அமர்ந்தவர்க்கும் தாக்குதல் தப்பவில்லை. அவசரச் சட்டங்கள் பெருகுவதை நேருவுக்கு மடல் எழுதித் தயங்காது தடுத்துரைத்தவர் அவர். அத்தகையவர் மீதே, நடுநிலை தவறினார் என்று எதிர்க்கட்சியினர் 1954 டிசம்பரில் நீக்கத் தீர்மானம் கொணர்ந்தனர். தீர்மானம் ஆராயப்படுகையில் தலைமை இருக்கையில் அமரலாகாது என்பது விதி, விலகியிருந்தார். நேரு அவருக்காக வாதாடினார். தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்களின் ஐயத்தை முற்றும் பழிக்கவும் நமக்கு மனமில்லை. பெரும்பான்மை மிக்க அவையில் சிறுபான்மையர்க்கு வேறு வாயில் ஏது?

1956 பிப்ரவரி 27 அன்று, பதவியிலிருக்கும்போதே அகமதாபாதில் மறைந்தார். அவர் விட்ட இருக்கையில், மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அனந்தசயனம் ஐயங்கார் அமர்ந்தார். திருச்சானூரில் பிறந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவர் அவர். பொதுக்கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு முதன்முதலாய் வந்தது 1967-இல். மினு மசானி அதனை ஏற்றபோது மாவ்லங்கர் மறைந்து பதினோராண்டுகள் கழிந்திருந்தன.