படநூல் தேடிய இளைஞர்

செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரை, படகு, விருந்து எனப் பொழுதுபோக்குகள் பல. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1885ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பிறந்த ஹாரி எல்கின்ஸ் வைடனருக்கோ பழைய நூல்களின் மீது தீராக் காதல். டிராம் வண்டித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய பீட்டர் வைடனரின் பேரர் அவர்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது மாணவர் நாடகக் கழகத்தில் சேர்ந்திருந்தார். நடிகர்களின் உடைக்கு மாதிரி தேடப் போய், வண்ணப் படங்கள் நிறைந்த பழைய ஏடுகளைப் புரட்டலானார். நாடகம் முடிந்தது, ஆசை முடியவில்லை. (நம் கல்லூரி நாடக விழாவால் யாரும் இப்படிக் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை!) 1907இல் பட்டம் பெற்றபின் இதுவே அவருக்கு முழுநேர வேலையாயிற்று. குரூக்ஷாங்க், ரோலண்ட்சன் ஆகியோரின் சித்திரங்கள் கொண்ட நூல்களையும், டிக்கன்ஸ், தாக்கரே, ஸ்டீவன்சன் ஆகியோரின் முதற்பதிப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்தார்.

கதை ஒன்றுதானே, எந்தப் பதிப்பானால் என்ன என்று கேட்கலாம். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1838இல் மூன்று தொகுதிகளாக வந்தபோது, குரூக்ஷாங்க் வரைந்த கடைசிப் படம் டிக்கன்சுக்குப் பிடிக்கவில்லை. கணப்படுப்பின் அருகே குடும்பத்தார் அமர்ந்திருக்கும் காட்சி அது. ஓவியர் வேறு படம் வரைந்து தந்தார். ஆனால் அதற்குள் சில பிரதிகள் பழைய படத்தோடு வெளியேறிவிட்டன. ‘பிக்விக்’ நாவலின் கதையோ இன்னும் துயரமானது. அது 1836இல் மாத வெளியீடாகத் தொடங்கியது. முதல் ஓவியர் சீமோர் தொடக்கத்திலேயே தற்கொலை செய்துகொண்டார். அடுத்து வந்த பஸ் வரைந்த இரு படங்கள் பின்னர் நீக்கப்பட்டன. ஆசிரியரும் ஓவியரும் மோதிக்கொண்ட தடம், முதல் வாசகன் கண்ட உருவம், இவையெல்லாம் மறுபதிப்பில் மறைந்துபோகும். வைடனர் காத்து வைத்தது அதைத்தான் என்பது என் கருத்து.

1912இல் பெற்றோருடன் லண்டன் சென்றார். பேக்கன் கட்டுரைகளின் 1598ஆம் ஆண்டுச் சிறு பதிப்பு ஒன்றை அங்கே வாங்கினார். திரும்பிய கப்பல் டைட்டானிக். ஏப்ரல் 15ஆம் நாள் விடியுமுன் அது மூழ்கியது. தாய் எலினார் படகேறிப் பிழைத்தார். தந்தையும் மகனும் மாண்டனர். மகனுக்கு வயது 27. பேக்கன் நூல் அவர் சட்டைப்பையிலேயே இருந்ததென்று அவரை அறிந்தவர்கள் சொல்லி வந்தார்கள்.

தக்க இடம் அமையும்போது நூல்களை ஹார்வர்டுக்கு அளிக்கும்படி அவர் உயிலில் தாயைக் கேட்டிருந்தார். அங்கிருந்த பழைய நூலகமோ இடப்பற்றாக்குறையால் திணறிக்கொண்டிருந்தது. தாய் காத்திருக்கவில்லை, புதுக் கட்டடத்தையே எழுப்பித் தந்தார். 1915 ஜூன் 24இல் மகன் பெயரால் அது திறக்கப்பட்டது. மாணவர்கள் நீச்சல் கற்றாக வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்ததாக ஒரு கதை அங்கே உலவியது. அதற்கு ஆதாரம் இல்லை. சுமார் 3,300 நூல்கள் தனி அறையில் வைக்கப்பட்டன. நாடக உடைக்காக ஒரு மாணவர் படநூல்களைப் புரட்டத் தொடங்கிய அதே வளாகத்தில்!