மாநிற ஏசுவை வரைந்த நுவரெலியா ஓவியர் டேவிட் பெய்ன்டர்

ரிங்லெட் பக்கம் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929-இல். அதைத் தொடங்கிய ஜே.ஏ.ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தோட்ட அனுபவம் பெற்ற ஏ.பி.மில்ன் என்ற துரையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். கேமரன் மலையில் காடு வெட்டிக் கன்று நட்ட அதே காலத்தில், இலங்கையின் கண்டியில் ஓர் இளைஞர் கல்லூரித் தேவாலயச் சுவரில் தூரிகை பிடித்திருந்தார். அவர்தான் டேவிட் பெய்ன்டர்.

இவரைச் சிங்களவர் என்பதா, வெள்ளைக்காரர் என்பதா? இரண்டும் பாதி பாதிதான். தந்தை ஆங்கிலேய மிஷனரி, தாயார் சிங்களப் பெண்மணி. 1900-ஆம் ஆண்டு வட இந்தியாவின் அல்மோராவில் பிறந்த இவர், ஊட்டி பிரீக்ஸ் பள்ளியிலும் பிறகு கண்டி டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். அல்மோரா, ஊட்டி, கண்டி, நுவரெலியா என்று வாழ்க்கையே மலையும் குளிருமாகப் போனது. பெற்றோர் நுவரெலியாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தி வந்தார்கள்.

உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் அகாடமிக்குப் போனார். அங்கே தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன்பின் இத்தாலி சென்று, பழைய தேவாலயங்களின் சுவரோவியங்களைப் பார்த்துப் படித்தார். லண்டனிலேயே தங்கியிருந்தால் வாழ்க்கை சுகமாக ஓடியிருக்கும். 1920-களிலேயே இலங்கைக்குத் திரும்பிவிட்டார்.

அப்போது டிரினிட்டியில் புதிய தேவாலயம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் கட்டும் கோயில் என்றால் கூரான கோபுரமும் வண்ணக் கண்ணாடிச் சன்னலும் இருப்பது வழக்கம். அங்கே ஆசிரியராக இருந்த பாதிரியார் காஸ்டர், பொலன்னறுவை, கண்டி பாணியில் கல்தூண்களை நிறுத்தி, காற்றோட்டமான திறந்த மண்டபமாக அதை வடிவமைத்தார். சுற்றுச்சுவரே இல்லாத இடத்தில் கண்ணாடிச் சன்னல் எங்கே வைப்பது? கண்ணாடியில் சொல்லும் வேதக் கதையைச் சொல்ல, இருந்த சுவர்கள் பெய்ன்டர் கைக்கு வந்தன.

1930-களின் முற்பகுதிக்குள் நான்கு பெரிய ஓவியங்களை முடித்தார். இரண்டு மகன்களுக்காக ஏசுவிடம் பதவி கேட்டு நிற்கும் தாய், நல்ல சமாரியன், சீடர்களின் கால் கழுவும் ஏசு, சிலுவை மரணம். இவற்றில் வரும் ஏசுவுக்குத் தாடியில்லை, நீலக்கண்ணும் இல்லை. மாநிற மேனியுள்ள இளைஞர். சுற்றி நிற்பவர்களும் அந்த ஊர் மனிதர்களே. சிலுவை நிற்பதும் எருசலேம் மலையில் அல்ல, கண்டல் மரங்கள் வளர்ந்த சதுப்பு நிலத்தில்!

இன்று இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அன்று நாட்டை ஆண்டவர் வெள்ளையர். அச்சுப்படங்களில் வந்த சாமியும் வெள்ளை. தோட்டத்துப் பிள்ளையும் துரை வீட்டுப் பிள்ளையும் ஒரே பொன்னிற முடி ஏசுவைக் கும்பிட்ட காலம் அது. கடவுளின் மகன் நம் வீட்டுப் பையன் சாயலில் இருக்கலாம் என்று, அதுவும் ஆங்கிலேயர் நடத்திய கல்லூரியின் சுவரிலேயே எழுதிக் காட்ட நெஞ்சுரம் வேண்டும். வாயால் வாதாடினால் சண்டையில் முடிந்திருக்கும். வண்ணத்தால் சொன்னதால் அது சுவரிலேயே நிலைத்தது.

பிறகு கொழும்பில் அரசு நுண்கலைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்து மாணவர்களை உருவாக்கினார். உருவப்படங்களிலும் இவருக்குப் பெயர் உண்டு. வயது 70-ஐ நெருங்கும்போது கல்கிசை செயின்ட் தோமஸ் கல்லூரித் தேவாலயத்தில், மலைமேல் ஏசு உருமாறிய காட்சியைப் பெரிய சுவரோவியமாகத் தீட்டினார். 1968-இல் அது நிறைவடைந்தது. சாரத்தில் ஏறி நின்று வரையும் வயதா அது?

ஓய்வு பெற்ற பிறகு, பெற்றோர் விட்டுச்சென்ற நுவரெலியா இல்லத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பெயர்பெற்ற ஓவியர் ஒருவர், அனாதைப் பிள்ளைகளின் சாப்பாடு, படிப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே கடைசிக் காலத்தைக் கழித்தார். 1975 ஜூன் மாதம் காலமானார். கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையோடு திரும்பிவிடாமல், அனுமதி கேட்டு டிரினிட்டி தேவாலயத்துக்குள்ளும் போய் அந்த நான்கு ஓவியங்களைப் பார்த்து வரலாம்.