சுவர் கடந்த மணியோசை

நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பழைய லயத்து வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர். இந்த வீட்டில் மீன் பொரித்தால் அந்த வீட்டில் மணக்கும். அந்த வீட்டில் குழந்தை அழுதால் இந்த வீட்டில் தூக்கம் கலையும். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அலமாரிமேல் சிறிய பெட்டி ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். எல்லாரும் ரவுட்டர் என்று சொல்லும் அருகலைத் திசைவி அது. அதிலிருந்து புறப்படும் அலைக்கு நடுச்சுவர் பெரிய தடையன்று. பக்கத்து வீட்டாரின் திறன்பேசியிலும் இந்த வீட்டு இணைப்பின் பெயர் தோன்றுவது அதனால்தான்.

கண்ணுக்குப் புலப்படாத அலை சுவரைக் கடந்து போய் வேலை செய்யும் என்பதை நூற்றாண்டுக்கும் முன்பே கல்கத்தா மக்கள் நேரில் கண்டார்கள். அதைச் செய்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தார். இன்று வங்காளதேசத்தில் இருக்கும் பகுதியில் அவருடைய இளமைப் பருவம் கழிந்தது. தந்தை பகவான் சந்திர போஸ் அரசுப் பணியில் உயர்ந்த பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே கௌரவம் என்று கருதப்பட்டது. பகவான் சந்திரரோ மகனை வங்காள மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளை முதலில் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் போஸின் ஒரு பக்கம் தந்தையின் பணியாளர் மகன். மறுபக்கம் மீனவர் ஒருவரின் மகன். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையின்மீது ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மேலே சென்றவர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது.

பின்னர் அவர் கல்கத்தாவில் பயின்றார். இங்கிலாந்துக்குச் சென்று கேம்பிரிட்ஜில் அறிவியல் கற்றார். அங்கே அவருக்குக் கற்பித்தவர்களுள் இயற்பியல் மேதை இராலே பிரபுவும் ஒருவர். 1885ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் போஸ் இயற்பியல் பேராசிரியரானார்.

வேலையில் சேர்ந்ததும் ஓர் அநீதி அவரை எதிர்கொண்டது. ஒரே வேலையைச் செய்தாலும் ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி வெட்டப்பட்டது. போஸ் வேலையை விட்டு விலகவில்லை. வகுப்புகளைப் புறக்கணிக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் அன்று, மூன்று ஆண்டுகள்! அப்போது அவருடைய தந்தை பெருங்கடனில் இருந்தார். இடையே 1887இல் திருமணமும் நடந்தது. மனைவி அபலா, பெண்களுக்குக் கல்கத்தாவில் மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டிருந்த காலத்தில் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். வருமானம் இல்லாத அந்த வீட்டை அவரும் சேர்ந்து தாங்கினார். கோபத்தோடு பேசிவிட்டுப் போவதைவிட இது மிகக் கடினமான வழி. இறுதியில் கல்லூரி நிருவாகம் இறங்கி வந்தது. பணி நிரந்தரமானது, முழுச் சம்பளமும் தொடக்க நாளிலிருந்து கணக்கிட்டு வழங்கப்பட்டது. அந்தத் தொகை தந்தையின் கடனை அடைக்க உதவியது.

கல்லூரியில் அவருக்கென ஆய்வுக்கூடம் இல்லை. குளியலறையை ஒட்டியிருந்த சுமார் 24 சதுர அடி இடத்தையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். தகர வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் உண்டு என்பதை 1888 வாக்கில் நிறுவியிருந்தார். ஆனால், ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் நீளமானவை. அவற்றைக் கொண்டு சிறிய அறையில் நுட்பமாக ஆராய்வது அரிது. போஸ் அலையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே போனார். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை அவர் உண்டாக்கினார். இன்றைய அருகலைத் திசைவிகள் பரப்பும் அலைகளில் ஒருவகை சுமார் 12 சென்டிமீட்டர் நீளமும் மற்றொரு வகை சுமார் 6 சென்டிமீட்டர் நீளமும் உடையவை. போஸின் அலைகள் அவற்றைவிடவும் மிகச் சிறியவை.

1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் அந்தக் காட்சி நடந்தது. ஓர் அறையில் அலை பிறந்தது. இடையில் சுவர்கள் இருந்தன. வங்காளத்தின் துணை ஆளுநரும் இருந்தார். அலை அவருடைய உடலையும் சுவர்களையும் கடந்து சென்றது. அப்பால் இருந்த அறையில் மணி ஒலித்தது. சிறிதளவு வெடிமருந்தும் வெடித்தது. இரண்டு அறைகளையும் இணைக்கக் கம்பி எதுவும் இல்லை.

அலையை எது தடுக்கும், எது திருப்பும் என்பதையும் போஸ் எளிய பொருள்களைக் கொண்டே ஆராய்ந்தார். வங்காளத்தில் மலிவாகக் கிடைத்த சணலை முறுக்கி ஒரு சோதனை செய்தார். பிராட்ஷா என்ற தடித்த இரயில் கால அட்டவணையை எடுத்து, பக்கங்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒரு நிலையில் பிடித்தால் அலை ஊடுருவியது. திருப்பிப் பிடித்தால் நின்றது. உலோகத்திடம் இந்த அலைகள் தோற்றுப்போகும். வீட்டில் இரும்பு அலமாரிக்குப் பின்னாலோ குளிர்சாதனப் பெட்டிக்கு அருகிலோ திசைவியை வைத்தால் அடுத்த அறையில் இணையம் தடுமாறுவதன் காரணமும் இதுவே. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து சற்று உயரமான, திறந்த இடமே அதற்கு ஏற்றது.

1897ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டன் இராயல் கழகத்தில் போஸ் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார். அறிஞர்கள் வியந்தனர். கருவியின் அமைப்பை அவர் ஒளிக்கவே இல்லை. கம்பியில்லாத் தந்தித் தொழிலில் அப்போது பெரும்பணம் புரளத் தொடங்கியிருந்தது. 1901இல் தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர், விவரங்களை வெளியிடாமல் காப்புரிமை பெறுமாறு போஸை வற்புறுத்தினார். இலாபத்தில் பங்கும் தருவதாகச் சொன்னார். போஸ் மறுத்துவிட்டார். அறிவைப் பூட்டி வைத்து விற்பது அவருக்கு உடன்பாடில்லை. அமெரிக்க நண்பர் சாரா புல் அம்மையாரின் வற்புறுத்தலால் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது 1904இல் கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்தாமல் காலாவதியாக விட்டுவிட்டார்.

இதற்கிடையில், 1901 டிசம்பரில் இத்தாலியரான மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து கம்பியில்லாச் செய்தியைப் பெற்றார். அதற்குப் பயன்பட்ட பாதரசக் கருவியின் மூலம் போஸ் 1899இல் வெளியிட்ட கட்டுரையே என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். புகழோ மார்க்கோனிக்குச் சென்றது.

போஸ் உரையாற்றிய அதே இராயல் கழகத்தில் 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. தொலைவிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியைப் பெற்றுக் காட்ட அறிஞர் ஃபிளெமிங் ஆயத்தமாக இருந்தார். அலையைக் குறிப்பிட்ட அளவில் இசைவித்தால் பிறர் குறுக்கிட முடியாது என்று மார்க்கோனி கூறி வந்தார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே கருவி தட்டத் தொடங்கியது. வந்தது மார்க்கோனியின் செய்தியன்று. அவரைக் கேலி செய்யும் சொற்கள்! நெவில் மாஸ்கலின் என்ற மேடை மந்திரவாதி அருகில் இருந்து அலை பரப்பியிருந்தார். சுவரைக் கடக்கும் அலை யாருடையது என்று கருவிக்குத் தெரியாது.

அன்று வெளிப்பட்ட குறை இன்று லயத்து வீட்டுப் பெட்டிக்கும் உண்டு. அலையை வீட்டுக்குள் அடைத்து வைக்க இயலாது. அதில் செல்லும் செய்தியைத்தான் பூட்ட வேண்டும். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 எனப்படும் மறைகுறியாக்க முறைகள் அந்தப் பூட்டுகள். நீண்ட கடவுச்சொல் அதன் சாவி. வீட்டு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ கடவுச்சொல்லாக வைத்தால் அண்டை வீட்டுச் சிறுவனே ஊகித்துவிடுவான். பலரும் மறப்பது வேறொன்று: திசைவிக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று இணையத்தில் சேர்வதற்கு. மற்றொன்று பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கு. இரண்டாவதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிட்டால், இணைப்புக்குள் வந்த எவரும் வீட்டுக்காரரையே வெளியே தள்ளிப் பூட்டிவிடலாம். பெட்டியின் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். உறவினர் வந்தால் விருந்தினர் இணைப்பைத் தனியே திறந்துவிடும் வசதியும் பல திசைவிகளில் உள்ளது.

போஸின் மனம் பின்னர்ச் செடிகொடிகளின் பக்கம் திரும்பியது. தோட்டத்துப் பாதையோரங்களில் சிறுவர் தொட்டு விளையாடும் தொட்டாற்சிணுங்கியே அவருடைய ஆய்வுக்கு உகந்த செடிகளுள் ஒன்று. தொடுகை, வெப்பம், மின்சாரம் ஆகியவற்றைச் செடி எவ்வாறு உணர்ந்து துலங்குகிறது என்பதை அளந்தார். செடியின் வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை உருவாக்கினார். இயற்பியலாளருக்குத் தாவரத்தில் என்ன வேலை என்று சில அறிஞர்கள் முகம் சுளித்தனர். 1920இல் இலண்டன் இராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1917இல் தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். குளியலறைப் பக்கத்து மூலையில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர், அடுத்த தலைமுறைக்கு ஒரு முழுக் கட்டடத்தையே விட்டுச் சென்றார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிடீ என்னும் ஊரில் காலமானார். தகரத் தொழிலாளியின் துணையோடு செய்யத் தொடங்கிய கருவிகளில் சில, அந்த நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.