நோயோடு வாழ்ந்த நாவலாசிரியர்

இரஷ்ய நாட்டு நாவலாசிரியருள் தலைசிறந்த தாஸ்தயேவ்ஸ்கி, 1821-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரத்து ஏழையர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பொறியியல் பயின்றும் அதனை விடுத்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். அரசுக்கு மாறான குழுவினரோடு கூடினார் என்று 1849-இல் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டார். இறுதி நேரத்தில் தண்டனை மாற்றப்பட, சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் விலங்கு பூண்டு கிடந்தார். அவருக்குற்றது வலிப்பு நோயே என 1857-இல் மருத்துவர் உறுதி கூறினார்.

வலிப்பு வருமுன் சிலருக்கு ஓர் அறிகுறி தோன்றும். இல்லாத நாற்றம் மூக்கில் ஏறும். கண்முன் ஒளி மின்னும். வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும். பண்டைக் கிரேக்கர் இதற்கு இட்ட பெயர் இளங்காற்று என்று பொருள்படும். வரப்போகும் நோயின் தூதன்போல இது தோன்றினும், மூளையின் ஒரு சிறு பகுதியில் வலிப்பு தொடங்கிவிட்டதன் அடையாளமே இஃது என்பர் இக்கால மருத்துவர்.

தாஸ்தயேவ்ஸ்கிக்கோ இது வியத்தகு வடிவில் வந்தது. விழுமுன் சில நொடிகள், உலகனைத்தும் தம்மோடு இயைந்து நிற்பதுபோன்ற பேரின்பம் நிறைந்ததாக நண்பரிடம் கூறினார். அடுத்த கணம் ஓர் அலறல். உடல் தரையில் கிடக்கும். பின்னர்ப் பல நாள் மறதியும், பெருங்குற்றம் இழைத்தவர் போன்ற கலக்கமும் வாட்டும். இன்பத்தை மட்டும் வியந்து பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். 1867-இல் அவரை மணந்த அன்னா, மணமான சில நாட்களிலேயே தம் தமக்கை வீட்டில் இக்காட்சியைக் கண்டார். வீட்டார் அஞ்சி வெளியேற, இருபது வயதே நிரம்பிய அப்பெண் கணவரின் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டார்.

மறு ஆண்டு வெளிவரத் தொடங்கிய ‘அசடன்’ நாவலின் தலைவன் மிஷ்கினுக்கும் இந்நோயையே அளித்தார். அந்நொடிக்கு வாழ்நாளையே ஈடாகத் தரலாம் என எண்ணுபவன் அவன். மாடிப்படியில் ஒருவன் கத்தியை ஓங்கியபோது வலிப்புக் கண்டு வீழ்ந்ததனாலேயே உயிர் பிழைக்கிறான். இவ்வின்பம் வெறும் புனைவென ஐயுற்ற மருத்துவரும் உளர். எனினும் 1980-இல் இத்தாலிய மருத்துவர், இத்தகைய இன்பம் எய்திய ஒருவரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, அது வலிப்பின் கூறே எனக் காட்டினர்.

1878-ஆம் ஆண்டு மே திங்களில், மூன்று வயதும் நிரம்பாத மகன் அலியோஷா வலிப்புக் கண்டு, அன்றே இறந்தான். தம் நோயே குழந்தையைப் பற்றியது என்று தந்தை ஆறாத் துயருற்றார். 1880-இல் முடிந்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இளைய தம்பியின் பெயர் அலியோஷா. அடுத்த ஆண்டு தாஸ்தயேவ்ஸ்கி மறைந்தார்.