ஜிம் கார்பெட்டின் ரைஃபிள் கடைசியில் யாரிடம் போனது?

ஜிம் கார்பெட் என்றதும் உங்களுக்கு உத்தராகண்ட் புலிகள் காப்பகமும் ஜீப் சஃபாரியும்தான் ஞாபகம் வரும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடியிருக்கிற உங்களுக்கு அவரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. அவரை உலகத்துக்குக் காட்டிய புத்தகம் வெளியானது உங்க ஊரில்தான். அவர் உயிரோடு இருந்தவரை பொக்கிஷமாக வைத்திருந்த ரைஃபிள் யார் கைக்குப் போனது என்பதும் அந்தப் புத்தகத்தோடு சேர்ந்த கதை.

1875-ல் நைனிடாலில் பிறந்தார். அப்பா போஸ்ட்மாஸ்டர், இவர் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். இளம் வயதிலேயே ரயில்வே வேலை. பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமாவில் 20 வருஷத்துக்கு மேல் சரக்கு ஏற்றி இறக்கும் கான்ட்ராக்டர். வேட்டை அவருக்குப் பிழைப்பு இல்லை, லீவு போட்டுவிட்டுப் போனதுதான்.

1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுடக் கூப்பிட்டார்கள். நேபாளத்திலும் குமாவூனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார்: அறிவித்த பரிசுத் தொகையை ரத்து செய்யணும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்கணும். காசுக்காகச் சுட்டார் என்ற பேர் அவருக்கு வேண்டாம்.

காசு வாங்காதவருக்கு என்ன கொடுப்பது? ஐக்கிய மாகாணத்தின் லெஃப்டினென்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் ஒரு ரைஃபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275. கார்பெட்டின் பெயரும் சம்பாவத் புலியின் பெயரும் பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதித்திருந்தது. புலி வேட்டைக்குப் பெரிய மனிதர்கள் தூக்கிப்போன கனமான இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் இது மெலிசு. மலையேறி நாள் முழுக்க நடக்கிறவருக்கு அதுதான் தோது.

அந்த மெலிசுதான் ஒருமுறை அவர் உயிரைக் காப்பாற்றியது. 1930 ஏப்ரல். 64 பேரைக் கொன்ற சௌகர் பெண்புலியைத் தேடி ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்குகிறார். வழியில் பக்கி என்ற பறவையின் முட்டை இரண்டு கிடைக்க, இடது கையில் எடுத்துக்கொள்கிறார். முட்டை சேகரிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒரு பெரிய பாறையைத் தாண்டித் திரும்பினால், பின்னால் எட்டே அடியில் புலி! வலது கையில் ரைஃபிள், அதுவும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி. சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். ஒற்றைக் கையாலேயே, அசைவது தெரியாத வேகத்தில் ரைஃபிளைத் திருப்பிச் சுட்டார். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் ஒரு கை தாங்கியிருக்காது. முட்டை உடையவில்லை. திரும்பப் போய்க் கூட்டில் வைத்துவிட்டு வந்தார்.

1926-ல் ருத்ரபிரயாக் சிறுத்தையைச் சுட்டதும் இதே ரைஃபிள்தான். அதற்காக அவரைச் சாமியாராக்கிவிட வேண்டாம். ஆட்கொல்லி அல்லாத புலியையும் சுட்டிருக்கிறார், பவல்கரின் பெரிய ஆண்புலியை 1930-ல் சுட்டதைத் தானே எழுதியும் இருக்கிறார். ஆனால் வயது ஏற ஏற அவர் கையில் ரைஃபிளைவிடக் கேமராதான் அதிகம் இருந்தது. 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவாக முக்கியக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். இன்று அவர் பெயரில் இருப்பது அந்தப் பூங்காதான்.

இப்போ பம்பாய்க்கு வருவோம். 1944-ல் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸின் பம்பாய் கிளை அவருடைய ‘மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவூன்’ புத்தகத்தைக் கொண்டுவந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் ராய் ஹாக்கின்ஸ். முதல் பதிப்பின் ராயல்டியைப் போரில் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களின் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார் கார்பெட். இரண்டு வருஷத்தில் புத்தகம் அமெரிக்கா வரை போய் லட்சக்கணக்கில் விற்றது. எழுதத் தயங்கிக்கொண்டிருந்த மனிதர், 70 வயதை நெருங்கும்போது எழுத்தாளர் ஆகிவிட்டார்.

1947 கடைசியில் அக்காவோடு கென்யா போனார், 1955-ல் அங்கேயே இறந்தார். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. ரைஃபிள் போய்ச் சேர்ந்தது அவருடைய பதிப்பாளர்களிடம். புத்தகம் போடுகிறவர்களுக்கு ரைஃபிள் எதற்கு என்று நீங்க கேட்கலாம். அவரை அவ்வளவு பேரிடம் கொண்டுசேர்த்தவர்கள் அவர்கள்தானே!

உங்க சொந்த ஊர் வீட்டிலும் தாத்தாவின் பழைய வேட்டைத் துப்பாக்கி இருக்கலாம். வெள்ளித் தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாத்தாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது, உங்க பெயருக்குத் தானாக மாறாது. நீங்க தனியாக விண்ணப்பிக்கணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான். வேட்டைக்கோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எப்போதோ தடை போட்டுவிட்டது.

கார்பெட்டின் ரைஃபிளைப் பதிப்பகம் பல பத்தாண்டு வைத்திருந்தது. 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியே வாங்கிக்கொண்டது. அடுத்த வருஷம் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அவர் குளிர்காலத்தில் குடியிருந்த காலாதூங்கி பக்கத்து மக்களுக்குக் காட்டினார்கள். பிறகு அது லண்டனுக்கே திரும்பிவிட்டது.