காசு வாங்காத வைத்தியர்கள்



வேளாங்கண்ணி ஆரோக்கியமாதா திருநாள் முடிந்து, நம் ஊர் வழியாக நடந்துபோன யாத்திரிகர் கூட்டமும் ஓய்ந்துவிட்டது. இம்மாதம் 26-ஆம் தேதி திருச்சபை இரண்டு வைத்தியர்களை நினைவுகூருகிறது. அவர்கள் அர்ச். கொஸ்மாஸ், அர்ச். தமியான் என்னும் இரட்டைச் சகோதரர்கள். பூசையில் முதலாம் நற்கருணை மன்றாட்டைக் குரு முழுமையாகச் சொல்லும்போது, அப்போஸ்தலர்களுக்குப் பின் பன்னிரண்டு வேதசாட்சிகளின் பெயர்கள் வருகின்றன. அவற்றுள் கடைசி இரண்டும் இவர்களுடையவை. நாம் பலமுறை கேட்டும் கவனியாது விட்ட பெயர்கள் இவை.

இவர்கள் அராபியாவில் பிறந்தார்களென்றும், பக்தியுள்ள தாயாகிய தெயோதோத்தா இவர்களையும் இவர்களுடைய மூன்று தம்பிமாரையும் வேத விசுவாசத்தில் வளர்த்தாளென்றும் பாரம்பரியம் கூறுகிறது. சீரியா தேசத்தில் வைத்தியம் கற்றபின், சிலிசியா நாட்டு ஏகேயா என்னும் துறைமுகப் பட்டணத்தில் தொழில் நடத்தினார்கள். அவ்விடம் இன்று துருக்கி தேசத்தைச் சேர்ந்தது.

மூலிகை அறிந்த வைத்தியர்கள் அந்நாளில் பலர் இருந்தார்கள். இவ்விருவரிடமோ ஒரு வழக்கம் இருந்தது. ஏழையானாலும் தனவானானாலும் எவரிடமும் காசு வாங்குவதில்லை. சேசுநாதர் தம் சீஷர்களுக்கு இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கும்படி கட்டளையிட்டாரல்லவா? அதைச் சொல்லுக்குச் சொல் கைக்கொண்டார்கள். வாயில்லாப் பிராணிகளுக்குங்கூட மருந்திட்டார்களாம். கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள் இவர்களுக்கு அனார்கிரோய் என்று பெயரிட்டார்கள். காசு வாங்காதவர்கள் என்பது அதன் பொருள்.

பழைய சரிதையில் ஒரு சம்பவம் உண்டு. பல்லாதியா என்றொரு ஸ்திரீ நெடுநாள் படுத்த படுக்கையாய்க் கிடந்தாள். வைத்தியத்துக்கென்று கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் பலனில்லை. இவ்விரு சகோதரர்களாலும் குணமடைந்தாள். நன்றி செலுத்த அவளிடம் ஒன்றுமில்லை. ஆகவே ஏதோ சிறு காணிக்கையை எடுத்துக்கொண்டு தமியானைத் தனியே கண்டு, சர்வேசுரன் பேரால் வாங்கிக்கொள்ளும்படி மன்றாடினாள். அது மூன்று முட்டைகள் என்பார்கள். தமியான் அந்தத் திருநாமத்தைத் தட்டமாட்டாமல் வாங்கிக்கொண்டார். இதைக் கேள்விப்பட்ட கொஸ்மாஸ், தம்பியைத் தம்மோடு ஒரே கல்லறையில் அடக்கஞ் செய்யக்கூடாதென்று சொல்லிவிட்டார். அன்றிரவே ஆண்டவர் அவருக்குத் தோன்றி, தமியான் வாங்கியது பொருளாசையினால் அல்ல, தமது நாமத்தின் பொருட்டே என்று உணர்த்தினாராம்.

இந்தச் சரிதையை நான் குருமடத்தில் வாசித்தபோது வேடிக்கையாகவே எண்ணினேன். குருவான பின்புதான் அதன் பொருள் விளங்கிற்று. முதல் வெள்ளிக்கிழமையன்று வியாதிக்காரருக்கு நற்கருணை கொண்டுபோயிருந்தேன். ஒரு குடிசையில் கிழவி ஒருத்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு முட்டைகளை நீட்டினாள். அவளே சாப்பிடட்டும் என்று மறுத்துவிட்டேன். அவள் முகம் வாடிப்போயிற்று. ஏழைக்குக் கொடுப்பது புண்ணியம். ஏழை கொடுப்பதைத் தாழ்மையோடு வாங்கிக்கொள்வதும் புண்ணியமே. கொஸ்மாஸ் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். அடுத்த மாதம் அவள் கொடுத்ததை இரு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

303-ஆம் ஆண்டில் தியோக்கிளேசியான் சக்கரவர்த்தி கோவில்களை இடிக்கவும் வேதாகமங்களை எரிக்கவும் கட்டளை பிறப்பித்தான். பிற்பாடு கிறிஸ்தவர்கள் எல்லாரும் தேவதைகளுக்குப் பலியிட வேண்டுமென்ற கட்டளையும் வந்தது. கைம்மாறு கருதாத வைத்தியத்தால் அநேகரைச் சத்தியத்துக்கு இழுத்திருந்த இச்சகோதரர்கள் ஒளிந்திருக்கக் கூடவில்லை. லீசியாஸ் என்னும் தேசாதிபதி முன் நிறுத்தப்பட்டார்கள். கடலும் நெருப்பும் அம்புகளும் இவர்களைக் கொல்ல மாட்டாமற்போயின என்று சரிதைகள் வருணிக்கின்றன. முடிவில் அந்திமுஸ், லெயோன்சியுஸ், எவுப்ரேப்பியுஸ் என்னும் தம்பிமாரோடு சிரச்சேதம் பண்ணப்பட்டார்கள். நாள்தோறும் தங்கள் உழைப்பை இனாமாய்க் கொடுத்துப் பழகினவர்களுக்கு, உயிரைக் கொடுப்பது புதிய காரியமாயிருக்கவில்லை.

சீரியாவின் சிருஸ் நகரில் இவர்கள் அடக்கஞ் செய்யப்பட்ட ஸ்தலம் பேர்பெற்றது. யுஸ்தினியான் சக்கரவர்த்தி தாம் வியாதி நீங்கினதற்கு நன்றியாகக் கொன்ஸ்தாந்தினோப்பிளில் இவர்களுடைய கோவிலைப் புதுப்பித்தார். 526 முதல் 530 வரை ஆண்ட பாப்பு நான்காம் பெலிக்ஸ், உரோமாபுரியின் பழைய மன்றத்தை ஒட்டிய கட்டடமொன்றை இவர்கள் பேரால் கோவிலாக்கினார். அங்குள்ள வண்ணக்கல் சித்திரத்தில், இராயப்பரும் சின்னப்பரும் இவ்விரு வைத்தியர்களையும் கர்த்தரிடம் அழைத்துச் செல்வதை இன்றும் காணலாம். வைத்தியர், மருந்து செய்வோர் மட்டுமன்றி, ஐரோப்பாவில் நாவிதர்களும் இவர்களைப் பாதுகாவலராகக் கொண்டார்கள். நம் நாட்டைப் போலவே அங்கும் முற்காலத்தில் புண்ணுக்கு மருந்திட்டவர்கள் நாவிதர்களே.

நம் பங்கில் நர்சு வேலையிலும் மருந்துக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் உழைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் சம்பளம் வாங்குவது பாவமல்ல. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரவான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்க்குமுன் அவன் கையைப் பார்ப்பது வேதசாட்சிகளின் வழியல்ல. மற்றவர்களுக்கும் கடமையுண்டு. குறுவை அறுத்த காசு முழுவதும் ஒரே ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போன வீடுகளும், தோடும் வளையலும் அடகுக்கடையில் இருக்கிற வீடுகளும் நம் தெருக்களிலேயே உண்டு. அவர்கள் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். நாமே போய் விசாரிக்க வேண்டும்.

முன்பு இவர்கள் திருநாள் செப்டம்பர் 27-ல் வந்தது. 1969-ல் திருநாட்காட்டி திருத்தப்பட்டபோது அந்நாள் ஏழைகளின் தந்தையாகிய அர்ச். வின்சென்ட் தே பவுலுக்கு ஒதுக்கப்பட்டு, இவர்களுக்கு 26-ஆம் நாள் குறிக்கப்பட்டது. ஆகவே 26-ஆம் தேதி பூசைக்கு வியாதிக்காரரைக் கூட்டி வாருங்கள். மறுநாள் கோவில் வாசலில் வின்சென்ட் சபையார் மருந்துச் செலவுக்கு உண்டியல் வைப்பார்கள். இருக்கிறவர்கள் தாராளமாய்ப் போடுங்கள். இல்லாதவர்கள் ஒரு முட்டை கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம்.

அர்ச். கொஸ்மாஸே, அர்ச். தமியானே, எங்கள் வியாதிக்காரருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குத் தந்தை